மத்தளம் வாசித்தவர் நடனத்தைப் பார்க்கவில்லை

கடம்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த மப்பேட்டில் சிங்கீஸ்வரர் கோயில் என்று ஒரு சோழர் காலக் கோயில் இருக்கிறது. சாபம் நீங்கியது, நோய் தீர்ந்தது என்று சொல்லும் தலபுராணங்கள் நம் பக்கத்தில் ஏராளம். மப்பேட்டின் கதை ஒரு தாளக் கலைஞரின் ஏக்கத்தைப் பற்றியது. திருவாலங்காட்டில் சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடியபோது மத்தளம் வாசித்தவர் சிங்கி என்கிற நந்தி. வாசிப்பில் மூழ்கிக் கண்ணை மூடியவர், ஆட்டம் முடிந்த பிறகுதான் திறந்தார். தேவர்களும் முனிவர்களும் பேய்களும் பார்த்த ஆட்டத்தை, அதற்குத் தாளம் கொடுத்தவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் வேண்டிக்கொள்ள, சிவன் மப்பேட்டில் அவருக்காக மறுபடியும் ஆடிக் காட்டினார்.

மூளையும் தாளமும் பற்றி அண்மைக் காலத்தில் நடந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் கடம்பத்தூரைத் தாண்டி மூன்றாவது நிலையம் திருவாலங்காடு. 1856இல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தடம் இது. இன்று இருபுறமும் ஆலைகளும் கிடங்குகளும் நிறைந்துவிட்ட இந்தத் தொழிற்பட்டைக்குள்தான், சிவனின் ஐந்து ஆடல் சபைகளில் ஒன்றான இரத்தின சபை இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து தங்கியதாகச் சொல்லப்படும் ஊரும் அதுதான். அம்மையாரின் செப்புத் திருமேனிகளைப் பார்த்திருப்பீர்கள். வற்றிய உடல், துருத்திய எலும்பு, கையில் ஒரு ஜோடித் தாளம். அவர் இந்த ஊரின் சுடுகாட்டைப் பற்றிப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என்று பழந்தமிழ்ச் சுரங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தமருகம், குடமுழா, வீணை, மொந்தை என்று கருவிகளும் வருகின்றன. பிணம் எரியும் இடத்தில், பேய்கள் கூத்தாடும் நடுவில், ஒரு முழு வாத்தியக் குழு. இசை வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பழந்தமிழிசைக்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்பால் எனக்கு முக்கியமாகப் படுவது அம்மையார் அந்தப் பட்டியலை வைத்த இடம். இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே உள்ள எல்லையில் தோற்கருவிகள் ஒலிக்கின்றன. இந்த வட்டாரத்தின் அம்மன் விழாக்களிலும் முன்னோர் வழிபாட்டிலும் இன்றைக்கும் அவை அங்கேதான் ஒலிக்கின்றன.

இப்படிப்பட்ட கதைகளை இரண்டு விதமாக வீணாக்கலாம். வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவது ஒன்று. முன்னோர்கள் ஒலியியல் முழுவதையும் அறிந்து கதையில் ஒளித்துவைத்தார்கள் என்று பெருமை பேசுவது மற்றொன்று. இரண்டுமே கதையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வேலையைச் செய்தவர்கள், அந்த வேலை மனிதர்களை என்ன செய்கிறது என்று கவனித்திருப்பார்கள். கவனித்ததை அவர்கள் கதையாகச் சொன்னார்கள். அந்தக் கவனிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதை இன்றைய ஆய்வோடு வைத்துப் பார்க்கலாம்.

சிங்கியின் மூடிய கண்ணிலிருந்தே தொடங்குவோம். ஒரு சத்தம் கேட்ட பிறகு கையை அசைக்க நமக்கு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காவது பிடிக்கும். ஒவ்வொரு அடியையும் கேட்டுவிட்டுத் தட்டுவது என்றால் யாராலும் தாளத்தோடு சேர்ந்து வாசிக்க முடியாது. சீரான டிக் டிக் ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொல்லிப் பல ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் ஒலிக்குச் சற்று முன்னதாகவே தட்டுகிறார்கள், அதுவும் தங்களுக்குத் தெரியாமல். அதாவது கை ஒலியைத் தொடர்ந்து போவதில்லை, வரப்போகும் அடியை முன்கூட்டியே கணித்துப் போகிறது. 2007இல் ஜெசிக்கா கிரான், மேத்யூ பிரெட் இருவரும் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அசையாமல் படுத்தபடி தாளத்தைக் கேட்கும்போதுகூட, உடலசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. கேட்பவருக்கே இப்படியென்றால், வாசிப்பவரின் கவனம் முழுவதும் இன்னும் பிறக்காத அடுத்த அடியில் இருக்கிறது. அப்படி இருப்பவரின் கண்முன்னே நடக்கும் ஆட்டம் அவருக்குள் இறங்குவது கடினம். புராணம் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டார் என்று ஒரு காட்சியைக் கொடுத்தது.

இதன் மறுபக்கத்தைக் கிராமத்து அம்மன் விழாக்களில் பார்க்கலாம். ஆடி ஞாயிறுகளில் கூழ் வார்க்கும்போதும், மாசியில் மகாசிவராத்திரியை ஒட்டி அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும்போதும் பம்பைக்காரர்கள் வருவார்கள். பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு செட். அவர்கள் அம்மனை அழைத்து வர்ணிப்புப் பாடத் தொடங்கினால் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு அருள் வரும். பாதம் நடுங்கும், தலை சுழலும், குரல் மாறும். அருள் வந்தவர் ஆடுவார், குறி சொல்வார். பம்பைக்காரருக்கு மட்டும் பொதுவாக அது வருவதில்லை. ஆட்டத்தின் உச்சத்திலும் அவர் நிதானமாக நின்று, ஆடுபவரின் காலையும் முகத்தையும் பார்த்து அடியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார்.

பிரெஞ்சு இனவிசையியலாளர் கில்பர் ரூஜே, இசையும் ஆவேசமும் பற்றி 1980இல் வெளியிட்ட பெரிய நூலில் உலகின் பல பண்பாடுகளிலிருந்து இதே செய்தியைத் தொகுத்தார். இசைப்பவர்களும் இசையால் ஆட்கொள்ளப்படுபவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் என்பது அவருடைய முக்கியமான முடிவுகளில் ஒன்று. மப்பேட்டுக் கதையை அவர் கேள்விப்பட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பம்பை செட்டின் ஒலி எதனால் இத்தனை வலுவாக உடம்பில் இறங்குகிறது என்பது தனிக் கேள்வி. பம்பை என்பது இடுப்போடு ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்படும் இரண்டு உருளை மேளங்கள். ஒன்று மரத்தால் ஆனது, மற்றது உலோகத்தால் ஆனது. உலோகக் குடம் வெட்டென்று தெறிக்கும், மரக் குடம் அதிர்வை உள்வாங்கி ஆழமாகப் பேசும். சிலம்பு என்பது உள்ளே பரல்கள் இட்ட உலோக வளையம். அது எழுப்புவது சுரமற்ற, மிக உயர்ந்த அலைவெண்கள் கொண்ட சலசலப்பு. ஆக அடியில் பம்பை, உச்சியில் சிலம்பு. நடுவில் மனிதக் குரல் இயங்கும் எல்லையில் உடுக்கை. கேட்கும் காதில் காலியிடம் என்று ஒன்றுமே மிச்சமில்லை.

சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இந்திய மேளங்களைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். வெறும் வட்டத் தோலை அடித்தால் எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வின் 1.59, 2.14, 2.30 மடங்காக, ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். அதனால் சுரம் தெளிவாகக் கேட்காது. மிருதங்கத்தின் நடுவில் இடும் கறுப்புக் கரணை தோலின் எடையை மாற்றி, அந்த மேலதிர்வுகளை 2, 3, 4 மடங்கு என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. பம்பையில் கரணை கிடையாது. சபாவுக்குப் போகிறவர்கள் இதைக் குறையாக நினைக்கலாம், நான் அப்படி நினைக்கவில்லை. பம்பைக்கு நிலையான சுரம் இல்லாததால் பாடுகிறவர் எந்தச் சுருதியிலும் எடுக்கலாம், இடையில் தாவலாம், பேச்சுக்கும் ஒப்பாரிக்கும் இறங்கலாம். மேளம் அவரைப் பிடித்து இழுக்காது.

உடுக்கையின் வேலை இதிலிருந்து மாறுபட்டது. நடு ஒடுங்கிய உடல், இரண்டு பக்கமும் மெல்லிய தோல், இரண்டையும் இணைக்கும் கயிறு. இடுப்பில் கையை வைத்து அழுத்தினால் கயிறு இழுபட்டுத் தோல் இறுகும், சுருதி ஏறும். கையைத் தளர்த்தினால் இறங்கும். சுருதி இருமடங்காக வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும் என்பது இயற்பியல். ஆனாலும் மெல்லிய தோலும் சிறிய வட்டமும் இருப்பதால் ஒரு கைப்பிடி அழுத்தத்திலேயே ஒலி கண்ணுக்குத் தெரியும் கோடு மாதிரி வளைந்து ஏறி இறங்குகிறது. மனிதர்கள் கேள்வி கேட்கும்போதும் கெஞ்சும்போதும் அழும்போதும் குரல் போகும் போக்கு அதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களின் பேசும் மேளமும் இதே இடுங்கிய இடுப்பும் கயிறும் கொண்டது. அவர்கள் மொழியில் சுருதி மாறினால் சொல்லே மாறும் என்பதால் அந்த மேளத்தால் உண்மையிலேயே வாக்கியங்களைச் சொல்ல முடிகிறது. தமிழில் அது முடியாது. ஆயினும் உடுக்கை பேசுகிறது என்று நம் ஊரில் சொல்வதற்கு ஒலியில் ஆதாரம் இருக்கிறது. நடராசர் திருமேனியின் பின் வலக்கையில் இருப்பதும் இந்த வகைக் கருவிதான். உலகமும் எழுத்தொலிகளும் அதிலிருந்து பிறந்தன என்று மரபு சொல்கிறது. தோற்கருவிகள் அத்தனையிலும், குரலுக்கு இவ்வளவு நெருங்கிய ஒன்றைப் படைப்பின் அடையாளமாகத் தேர்ந்தெடுத்தது சும்மா நடந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அருள் வருவதற்கு இந்த ஒலி மட்டும் போதுமா? போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1961இல் ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர் ஆய்வகத்தில் சிலருக்கு மேள ஒலியை நொடிக்கு 3 முதல் 8 தட்டுகள் வரையிலான வேகங்களில் கேட்கவைத்து மூளை அலைகளைப் பதிவுசெய்தார். அலைகள் மேளத்தின் வேகத்தைப் பின்பற்றின. அதிலிருந்து, மேளம் நேரடியாக மூளையை இயக்கி ஆவேசத்தை வரவைக்கிறது என்ற கருத்து பரவியது. ரூஜே அதைக் கடுமையாக மறுத்தார். அப்படியென்றால் மேளம் கேட்ட ஒவ்வொருவரும் மயங்கி ஆட வேண்டுமே, ஏன் ஆடுவதில்லை என்பது அவர் வாதம். நம் ஊர் அனுபவமும் அவர் பக்கம்தான். ஒரே பம்பை, ஒரே அடி, ஒரே கூட்டம். ஆனால் அருள் வருவது ஓரிருவருக்கு. அவர்களுக்கும் கண்ட மேளத்துக்கு வராது. தன் குலதெய்வத்தின் அடிக்கு, தன் அம்மனின் வர்ணிப்புக்குத்தான் வரும்.

உடம்பின் பங்கை அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. நீல் டாட், ஃபிரெட்ரிக் கோடி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 90 டெசிபெலுக்கு மேற்பட்ட கனத்த தாழ்ஒலி உட்காதின் சமநிலை உறுப்பையே தூண்டக்கூடும் என்று காட்டினார்கள். நாம் சாய்கிறோமா, நகர்கிறோமா என்று சொல்லும் உறுப்பு அது. நின்ற இடத்திலேயே ஆடுவது போன்ற உணர்வு அதிலிருந்து எழலாம். மேளம் உடம்பை இளக்குகிறது, அந்த இளகிய உடம்பில் யார் வந்து நிற்பது என்பதைக் கதை முடிவு செய்கிறது. நான் அறிந்தவரை இரண்டையும் சேர்த்து விளக்கும் நியாயமான கூற்று இதுதான்.

கதை எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பூவாடைக்காரி வழிபாட்டைப் பார்க்க வேண்டும். தொண்டை மண்டலத்துக் குடும்பங்கள் பலவற்றில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வணங்குகிறார்கள். கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன் அவளை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அழைக்கும் இடம் கிணற்றங்கரை, குளத்தங்கரை, ஏரிக்கரை. தண்ணீருக்குள் இருப்பவளைப் பம்பையும் உடுக்கையும் வர்ணிப்பும் கூப்பிடுகின்றன. குடும்பத்தில் ஒருவர் மேல் அவள் வந்து இறங்கிய பிறகுதான் கும்பத்தோடு வீட்டுக்குத் திரும்புவார்கள்.

இதை எழுதும்போது ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மக்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பெரு நாட்டின் கூஸ்கோ பகுதியில், சரங்கோ என்ற சிறிய நரம்புக் கருவியை வாசிக்கும் இளைஞர்கள் அதை இரவில் ஊற்றருகிலோ அருவியருகிலோ வைத்துவிட்டு வருவார்களாம். தண்ணீரில் வாழும் சிரேனா என்ற நீர்ப்பெண் அதற்குச் சுருதி சேர்த்து, கேட்பவர் மனத்தை இழுக்கும் ஆற்றலை ஏற்றிக் கொடுப்பாள் என்பது நம்பிக்கை. தாமஸ் டுரினோ 1983இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கடலுக்கு அப்பால், நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மக்கள், இசையின் ஆற்றலை வைத்திருப்பவள் தண்ணீரில் இருக்கும் ஒரு பெண் என்றே நினைத்திருக்கிறார்கள். அவர்கள் கருவியைத் தண்ணீரிடம் கொண்டுபோகிறார்கள், நாம் கருவியால் தண்ணீரிலிருந்து அழைக்கிறோம்.

பொலிவியாவின் வட பொட்டோசியில் கெச்சுவா பேசும் உழவர்களோடு தங்கி ஆய்வு செய்த ஹென்றி ஸ்டோபார்ட் இன்னும் அழகான ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறார். அங்கே கருவிகளுக்குப் பருவம் உண்டு. பிங்கிலு என்ற மரக் குழலை மழைக்காலத்தில்தான் ஊத வேண்டும். நாணலால் ஆன சிலவகைக் குழல்கள் வறண்ட மாதங்களுக்கு உரியவை. மாற்றி ஊதினால் பயிர் கெடும் என்பார்கள். கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். பிங்கிலுவின் மரம் காய்ந்தால் விரிசல் விடும், காற்று கசியும். ஊதுவதற்கு முன் அதற்குள் நீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும். மரம் உப்பி விரிசல் மூடினால்தான் ஒலி எழும். நீர் குடித்தால் பாடும் கருவி மழையின் கருவியாகிவிட்டது.

நம் பறைக்கு இது நேர்எதிர். தோலுக்கு ஈரம் பகை. மழைக்காற்று பட்ட அப்பளம் மாதிரி துவண்டுவிடும். வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டினால் நாரில் இருக்கும் ஈரம் வெளியேறிச் சுருங்கும், தோல் விறைக்கும், ஒலி கணீரென்று எழும். அறுவடை முடிந்த வறண்ட மாதங்களிலேயே நம் பெரிய கூத்துகளும் தீமிதிகளும் வருவதற்கு உழவுக் கணக்கு முதல் காரணம். தோற்கருவிகள் நன்றாகப் பேசும் பருவம் அதுதான் என்பதையும் நான் அதோடு சேர்த்துக்கொள்வேன்.

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவில் கூத்து நடத்துவார்கள். மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம். பதினெட்டாம் போர் முடியும் நாளில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளத்துக்குக் கூத்து இறங்கிவரும், மாலையில் தீமிதி. பாரதப் படிப்பில் விராட பருவத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதைப் படித்தால் மழை பெய்யும் என்பது தமிழகத்தில் பல இடங்களிலும் உள்ள நம்பிக்கை. இதற்கும் கதைக்குள் காரணம் இருக்கிறது. பாண்டவர்கள் மறைந்து வாழும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கௌரவர்கள் யோசிக்கும்போது, தருமன் இருக்கும் நாட்டில் மழை தவறாது என்று பீஷ்மர் அடையாளம் சொல்கிறார். விராட நாடு செழித்திருந்தது. அந்தப் பருவத்தை இங்கே பாடி ஆடினால் இந்த ஊரும் விராட நாடாகும் என்பது எண்ணம்.

மப்பேட்டிலும் மழைக்கு ஒரு கதை உண்டு. அங்கே வீணை ஏந்திய ஆஞ்சநேயர் இருக்கிறார். அவர் அமிர்தவர்ஷினி ராகம் வாசித்துச் சிவனை வழிபட்டார் என்கிறார்கள். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பாடி மழை வரவழைத்ததாகச் சொல்லப்படும் ராகமும் அதுவே. அந்த ராகத்தின் புகழ் தீட்சிதரோடு, அதாவது 19ஆம் நூற்றாண்டோடு பிணைந்தது. ஆகவே வீணைக் கதையின் இந்த வடிவம் அதற்குப் பிறகு அமைந்திருக்கலாம். எனக்கு இதில் வருத்தமில்லை. ஒரு பழைய கோயில் புதிதாகக் கேட்ட ராகத்தையும் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்டது என்றால், கதை உயிரோடு இருக்கிறது என்று பொருள். ராகத்தால் மேகம் கரையாது. ஆனால் பஞ்சமத்துக்குக் கீழே அரைச்சுரத்திலும், மேல் ஷட்ஜத்துக்குக் கீழே அரைச்சுரத்திலும் போய் நின்று தவிக்கும் அந்த ஐந்து சுர அமைப்பு, வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும் மனத்தைச் சரியாகவே காட்டுகிறது.

இப்போது பம்பைகள் பலவற்றில் ஆட்டுத்தோலின் இடத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஈரத்தில் துவளாது, காய்ச்சத் தேவையில்லை. ஒலியில் தெறிப்பு கூடியிருக்கிறது, ஆழம் குறைந்திருக்கிறது. அருள் வருவது அதனால் நிற்கவில்லை. தோல் மாறினால் அருள் வராது என்று வாதிட்டவர்களுக்கு அனுபவம் பதில் சொல்லிவிட்டது. இன்னும் ஒரு படி மேலே, ஆடி மாதத்தில் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல் கேட்டதுமே ஆடத் தொடங்கும் பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். உயிருள்ள மேளமே அங்கே இல்லை, அம்மனின் பெயர் மட்டும் இருக்கிறது. ரூஜே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பதிவுப் பாட்டு உதவுவதில்லை. அது பூவாடைக்காரியை அழைக்கும் இடம். ஊர் அம்மனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். இறந்துபோன அத்தையின், பெரிய பாட்டியின் பெயர் அந்த வீட்டுக்கு மட்டும் தெரியும். பம்பைக்காரர்கள் அதைக் கேட்டு வர்ணிப்பில் சேர்க்கிறார்கள். வந்து இறங்கியவளிடம் யார் நீ என்று கேட்கிறார்கள், அவள் அழுதால் அடியைத் தாழ்த்துகிறார்கள், பேசாமல் நின்றால் உடுக்கையை ஏற்றுகிறார்கள், கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேட்கிறார்கள். அத்தனையையும் செய்ய அவர்களில் ஒருவருக்கும் அருள் வராமல் இருக்க வேண்டும். மண்டபத்துக்குப் பேண்டு வாத்தியமும் டிஜேயும் பேசி முடித்த குடும்பங்களும், கல்யாணத்துக்கு முந்தைய அந்தப் படையலுக்கு மட்டும் பம்பை செட்டுக்குத் தனியாக முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.